வலிப்பு வந்தவரின் கண்ணைப் பாருங்கள்

சென்ற இதழில் சர்க்கரை வியாதிக்காரர்கள் பாதத்தைப் பார்த்துக் கொள்வது பற்றி எழுதியிருந்தேன். இந்த முறை காக்காய் வலிப்பு. "அதைப் பற்றி எங்களுக்குத் தெரியாதா, லயத்துக்கு ஒருத்தர் இருக்காங்களே" என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. தெரிந்த வியாதிதான். ஆனால் வலிப்பு உள்ளவர்களில் சிலருக்குக் கண் மட்டும் தனியாக இழுத்துக் கொள்வது உண்டு. அதைப் பேய் என்பார் ஒருவர், நடிப்பு என்பார் இன்னொருவர். இரண்டும் தப்பு. அந்தத் தப்பில் எனக்கும் பங்கு இருந்தது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

சில வருஷங்களுக்கு முன் நடந்தது. சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். செம்பனையில் உதிரிப்பழம் பொறுக்கும் ஒரு பெண். சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு. பெனிடோயின் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டு மூன்று வருஷமாக ஒரு தடவைகூட விழவில்லை. அந்தச் சமயத்தில் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று பேச்சு வந்தது. தாயாரும் படுக்கையில். ஒருநாள் சாயங்காலம் நாலு பேர் அவளைத் தாங்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு வந்தார்கள்.

"டிரெசர் ஐயா, இவ கண்ணப் பாருங்க. ரெண்டும் மூக்குக்கிட்ட போய் நிக்குது. எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுதாம்."

பார்த்தேன். இரண்டு கருவிழியும் உள்பக்கமாகத் திரும்பி நின்றன. பாப்பா இரண்டும் கடுகுபோலச் சுருங்கியிருந்தது. பேசினால் பதில் சொன்னாள், பேர் சொன்னாள், அழுதாள். கால் மணி நேரத்தில் கண் தானாகச் சரியாயிற்று. மறுநாளும் அதேபோல் வந்தது. நான் கூட்டத்தைப் பார்த்து, "இது வலிப்பு இல்லை, பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன்.

நான் சொன்னது சரிதான். அந்தக் கண் இழுப்பு வலிப்பு இல்லை. ஆனால் வீட்டார் காதில் அது எப்படி விழுந்தது தெரியுமா? "டிரெசரே சொல்லிட்டாரு, இவளுக்கு வலிப்பே இல்ல." மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். வலிப்பு இல்லாவிட்டால் பின்னே என்ன என்று ஒரு பூசாரியிடம் அழைத்துப் போய், மிளகாய்ப் புகை போட்டிருக்கிறார்கள். கடிதம் அலமாரியில் கிடந்தது. அடுத்த வாரம் விடியற்காலையில் நிஜமான வலிப்பு வந்தது. ஒன்று நிற்பதற்குள் அடுத்தது. நடுவில் நினைவு திரும்பவே இல்லை. வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். பிழைத்துக் கொண்டாள். இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை.

பிறகு ஈப்போவில் நரம்பு வைத்தியம் பார்க்கும் டாக்டர் சொன்னார், இந்தப் பெண்ணுக்கு இரண்டு வியாதி, இரண்டுக்கும் தனித்தனி வைத்தியம் என்று. ஒரே உடம்பில் இரண்டு! இதை நான் முதல் நாளே வீட்டாரிடம் விளக்கியிருக்க வேண்டும்.

முதல் வியாதி நமக்குத் தெரிந்தது. மூளை நரம்புகளில் ஓடும் மின்சாரம் திடீரென்று ஒரே சமயத்தில் கட்டுமீறிப் பாய்வது காக்காய் வலிப்பு. ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் என்ற டாக்டர் மனித மூளையின் மின்சாரத்தைக் காகிதத்தில் கோடாகப் பதிவு செய்யும் முறையை 1929-ல் வெளியிட்டார். தலையில் வயர்களை ஒட்டிப் பார்ப்பார்களே, அந்தப் பரிசோதனைதான். உலகத்தில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. சரியான மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் அவர்களில் 100-க்கு 70 பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழ முடியும் என்றும் சொல்கிறது.

இரண்டாவதற்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் செயல்பாட்டுக் கோளாறு. பாக்டரியில் ஒரு மெஷினை நினைத்துக் கொள்ளுங்கள். பல் உடையவில்லை, அச்சு தேயவில்லை, மோட்டாரும் நன்றாக இருக்கிறது. ஆனால் பெல்ட் நழுவி நழுவி ஓடுகிறது. மெஷினைப் பிரித்துப் பார்த்தால் ஒரு பழுதும் தெரியாது, வேலை மட்டும் கோணலாக நடக்கும். ஸ்கேனிலும் மின்பதிவிலும் ஒன்றும் தெரியாமல் கை விழுவது, குரல் போவது, வலிப்பு மாதிரியே துடிப்பது, கண் இழுத்துக் கொள்வது எல்லாம் இந்த வகையில் சேரும். வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இந்த மாதிரி வேறு வகைத் துடிப்பும் கூடவே இருக்கிறது என்று ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். ஆகவே ஒன்று இருந்தால் மற்றது இருக்காது என்று யாரும் நினைத்துவிடாதீர்கள்.

அந்தப் பெண்ணின் கண்ணில் என்ன நடந்தது? ஊசியில் நூல் கோர்க்கும்போது என்ன செய்கிறோம்? ஊசியை மூக்குக்கிட்டே கொண்டு வருகிறோம். இரண்டு கண்ணும் உள்ளே திரும்பும், பாப்பா சுருங்கும், கிட்டத்துப் பார்வை கூர்மையாகும். இது கடவுள் கொடுத்த ஏற்பாடு. நூல் கோர்த்ததும் தானாகத் தளர்ந்துவிடும். இவளுக்கு எதிரே ஊசியும் இல்லை, நூலும் இல்லை. ஆனால் கண் நூல் கோர்க்கும் நிலைக்குப் போய் அங்கேயே மாட்டிக் கொண்டது. தூரத்தில் இருப்பது மங்கலாகவும் இரட்டையாகவும் தெரிவதில் என்ன ஆச்சரியம்? டாக்டர் ஒரு கண்ணைக் கையால் மறைத்துவிட்டு மற்ற கண்ணால் பக்கவாட்டில் பார்க்கச் சொன்னாராம், கண் தாராளமாக வெளியே போயிற்று. கண்ணை வெளிப்பக்கம் இழுக்கும் நரம்பு நிஜமாகவே செத்திருந்தால் அப்படிப் போகாது. பாப்பாவும் சுருங்கியிருக்காது. இதை வைத்துத்தான் கண்டுபிடித்தார்.

இன்னொரு வகையில் கண்மணி இரண்டும் பக்கவாட்டில் மின்னல் வேகத்தில் நடுங்கும். பார்ப்பவர்களுக்கு உடம்பு சிலிர்க்கும். ஆனால் ஒருவர் அப்படி நெடுநேரம் நடுங்கவிட முடியாது, சாதாரணமாக அரை நிமிஷத்துக்குள் களைத்து நின்றுவிடும். மூன்றாவது வகை, விழுந்து கிடக்கும்போது கண் எப்போதும் தரையையே பார்ப்பது. இடப்பக்கம் புரட்டினாலும் தரை, வலப்பக்கம் புரட்டினாலும் தரை. மூளையில் கோளாறு இருந்தால் புரட்டும் பக்கமெல்லாம் கண் இப்படி மாறி மாறித் திரும்பாது. ஹென்றி, உட்ரப் என்ற இரண்டு ஆங்கில டாக்டர்கள் இதைக் கவனித்து 1978-ல் லான்செட் பத்திரிகையில் எழுதினார்கள்.

காக்காய் வலிப்பில் கண் எப்படி இருக்கும்? பெரும்பாலும் திறந்திருக்கும். கண் மேலே செருகும், அல்லது தலையோடு சேர்ந்து ஒரே பக்கமாகத் திரும்பி நிலைத்து நிற்கும். கூப்பிட்டால் தெரியாது. இரண்டு மூன்று நிமிஷத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். அதன்பிறகு மலங்க மலங்க விழிப்பார், தூங்குவார். செயல்பாட்டு வகைத் துடிப்பிலோ கண் இறுக மூடியிருக்கும், நாம் இமையைத் திறக்கப் போனால் இன்னும் இறுகும், ஐந்து பத்து நிமிஷம் நிற்பதும் வருவதுமாக நீடிக்கும், சில சமயம் கண்ணீர் வழியும். அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்து டாக்டர்கள், படமும் மூளை மின்பதிவும் ஒரே நேரத்தில் எடுத்து ஒப்பிட்டு 2006-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். காக்காய் வலிப்புக்காரர் 156 பேரில் 152 பேருக்குக் கண் திறந்திருந்தது. மற்ற வகைக்காரர் 52 பேரில் 50 பேருக்கு மூடியிருந்தது.

இதைப் படித்துவிட்டு, "கண்ணு மூடிக்கிட்டான், அப்போ நடிப்புதான்" என்று யாரும் தீர்ப்புச் சொல்லக் கிளம்பிவிட வேண்டாம். அதற்காக நான் இதை எழுதவில்லை. அந்த 156 பேரில் நாலு பேருக்குக் கண் மூடித்தானே இருந்தது? அந்த நாலு பேரில் ஒருவர் உங்கள் வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம். கண்ணை நாம் பார்ப்பது டாக்டரிடம் சரியாகச் சொல்வதற்காக. தீர்ப்பு அவர் வேலை.

நடிப்பு என்ற பேச்சுக்கு வருவோம். பெரட்டுக் களத்தில் மண்டோர் சொல்வது, மாமியார் சொல்வது, ஏன், வெள்ளைச் சட்டை போட்ட எங்களில் சிலரே சொல்வது. பாரிஸ் நகரத்தில் சால்பெத்ரியேர் என்று ஒரு பெரிய ஆஸ்பத்திரி. 1870-ஆம் ஆண்டு வாக்கில் அங்கே ஒரு பழைய கட்டடத்தைக் காலி செய்தபோது காக்காய் வலிப்புக்காரர்களையும், அன்று ஹிஸ்டீரியா என்று அழைக்கப்பட்ட நோயாளிகளையும் ஒரே வார்டில் போட்டார்கள். அதைப் பார்த்துக் கொண்டவர் ஷார்கோ என்ற புகழ்பெற்ற நரம்பு டாக்டர். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பாடுபட்டவர். ஹிஸ்டீரியா என்ற சொல் கிரேக்க பாஷையில் கருப்பையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. பெண்களுக்கு மட்டும் வருவது என்றுதான் அதுவரை பலரும் நம்பியிருந்தார்கள். ஷார்கோ ஆண்களிடமும் அதைக் காட்டினார், அவர்களில் ரயில்வேயில் விபத்துக்குள்ளான உழைப்பாளிகளும் உண்டு. பாரம் தூக்கும் ஆம்பிளைக்கும் வரும் என்பது நூறு வருஷத்துக்கு மேலாகத் தெரிந்த சங்கதி. நம் ஆட்கள் இன்னும் "கல்யாணம் பண்ணி வெச்சாச் சரியாப் போகும்" என்கிறார்கள்!

நம் நாட்டிலும் பார்த்திருக்கிறோம். 1970-களில் எலக்ட்ரானிக் தொழிற்சாலைகளில் மைக்ராஸ்கோப்பில் கண் வைத்து நாள் முழுக்க வேலை செய்த இளம் பெண்கள் கூட்டமாக அலறி விழுந்த சம்பவங்கள் நடந்தன. பொமோவை அழைத்து ஆடு வெட்டிய தொழிற்சாலையும் உண்டு. ஐவா ஓங் என்ற பெண் ஆராய்ச்சியாளர் சிலாங்கூரில் அந்தப் பெண்களோடு பழகி 1987-ல் ஒரு புத்தகம் எழுதினார். வேலையின் நெருக்கடியும் சொல்ல முடியாத மனக்குறையும் இதில் கலந்திருப்பதை அதில் காட்டினார். அதற்காக எல்லாருக்கும் மனக்கஷ்டம்தான் காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. காய்ச்சல், தலையில் அடி, நிஜ வலிப்பின் பயம், இவற்றுக்குப் பிறகும் வருகிறது. காரணமே தெரியாமலும் வருகிறது. நோயாளி வேண்டுமென்று செய்வதில்லை என்பது மட்டும் நிச்சயம். அந்தப் பெண் என்னிடம் பிறகு சொன்னாள்: "கண்ண நானா திருப்பினேன்? யாரோ உள்ள இருந்து இழுத்துப் பிடிச்ச மாதிரி இருந்துச்சு ஐயா."

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன், இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் கண் ஒரு மாதிரியாக இருந்தால் மாத்திரையே காரணமாக இருக்கலாம். பெனிடோயின் ரத்தத்தில் அளவுக்கு மீறினால் கண்மணி நடுங்கும், பொருள் இரட்டையாகத் தெரியும், நடை சம்சுக்காரர் நடை மாதிரி தள்ளாடும். வழக்கமாகச் சாப்பிடும் அளவில் சின்ன மாற்றம் செய்தாலும், வேறு மருந்து கூடச் சேர்ந்தாலும் இது ஏறக்கூடும். கார்பமாசெபின் சாப்பிடுகிறவருக்கும் இரட்டைப் பார்வை வரும், பெரும்பாலும் மாத்திரை போட்ட சில மணி நேரத்தில். இதற்கு ரத்தம் எடுத்துப் பார்த்து அளவைத் திருத்த வேண்டும். திருத்துவது டாக்டர். வீட்டில் நீங்களாகப் பாதியாக உடைத்துக் கொடுக்கக் கூடாது.

வேறொன்றும் உண்டு. வாந்திக்குக் கிளினிக்கில் ஊசி போட்டு வந்த இளம் பிள்ளைக்கு அன்று ராத்திரியோ மறுநாளோ இரண்டு கண்ணும் கூரையைப் பார்த்தபடி மேலே பூட்டிக் கொள்ளும், கழுத்து பின்னுக்கு வளையும், நாக்கு தள்ளும். நினைவு நன்றாக இருக்கும். மெட்டோகுளோபிரமைட் என்ற வாந்தி மருந்துக்கும், மனநோய்க்குக் கொடுக்கும் ஹாலோபெரிடால் போன்ற மருந்துகளுக்கும் இப்படி ஆவதுண்டு. இது பேயும் இல்லை, வலிப்பும் இல்லை, மேலே சொன்ன செயல்பாட்டுக் கோளாறும் இல்லை. மாற்று ஊசி போட்டால் நிமிஷக் கணக்கில் கண் கீழே இறங்கும். ஆகவே கண் மேலே போய் நின்றால் முதல் கேள்வி, நேற்று என்ன மருந்து சாப்பிட்டாய்? மருந்துப் பையைக் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

புதிதாக ஒரு கண் மட்டும் திரும்பிக் கொண்டாலோ, கூடவே கடும் தலைவலி, காய்ச்சல், ஒரு பக்கக் கை கால் சோர்வு இருந்தாலோ இந்தக் கட்டுரையை மறந்துவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

யாராவது விழுந்தால் என்ன செய்வது? எந்த வகை என்று யோசித்து நிற்க வேண்டாம், எல்லா வகைக்கும் ஒரே முறைதான். கத்தி, சபிட், காண்டாக் கொம்பு, அடுப்பு இவற்றை அப்புறப்படுத்துங்கள். தலைக்குக் கீழே துணியை மடித்து வையுங்கள். மணியைப் பாருங்கள். துடிப்பு தணிந்ததும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் கரண்டி வேண்டாம், தண்ணீர் வேண்டாம், கையில் சாவிக்கொத்து வேண்டாம். செருப்பை மோப்பம் காட்டுவது எந்தக் காலத்து வைத்தியமோ! கண்ணில் எலுமிச்சை பிழிவதும் மிளகாய்ப் புகை போடுவதும் கொடுமை. நான் சொன்ன பெண்ணுக்கு வலிப்பு நின்ற பிறகும் ஒரு வாரம் கண் சிவந்து எரிந்து கொண்டிருந்தது. கருவிழியில் புண் வந்தால் பார்வையே போகும். இமையை விரலால் பிரித்து "திற, திற" என்று அதட்டவும் வேண்டாம். 5 நிமிஷத்துக்கு மேல் போனாலும், நினைவு திரும்பாமல் இரண்டாவது வந்தாலும் ஆஸ்பத்திரி.

பக்கத்தில் இருக்கும் பையன் கையில் போன் இருந்தால் படம் எடுக்கச் சொல்லுங்கள். சிரிப்பதற்கோ நாலு பேருக்கு அனுப்புவதற்கோ அல்ல, டாக்டருக்குக் காட்ட. முகம் தெரிய வேண்டும், கண் தெரிய வேண்டும். கண் திறந்ததா மூடியதா, எந்தப் பக்கம் திரும்பியது, எத்தனை நிமிஷம், பேச்சுக் கேட்டதா என்று நாலு வரி எழுதி வையுங்கள். நாக்கைக் கடித்திருந்தால், சிறுநீர் போயிருந்தால் அதையும் எழுதுங்கள். டாக்டர் முன்னால் போய் நிற்கும்போது நோயாளிக்குக் கண் சரியாகத்தான் இருக்கும். உங்கள் படம்தான் சாட்சி. நிறைய ஊசி போடுவதால் வரும் ஆபத்தும் இதனால் குறையும். காக்காய் வலிப்பு என்று நினைத்து டயஸிபாம் ஊசியை அடுத்தடுத்துப் போட்டு மூச்சு அடங்கிப் போகிற அபாயம் செயல்பாட்டு வகைக்காரருக்கு உண்டு.

வைத்தியம் உண்டா என்றால் உண்டு. முதல் மருந்து விளக்கம். உனக்கு இருப்பது நிஜமான உபாதை, மூளையில் கட்டி இல்லை, கண் நரம்பு சாகவில்லை, இது திரும்பக் கூடியது என்று நோயாளியிடமும் வீட்டாரிடமும் பொறுமையாகச் சொல்வதிலேயே பலருக்குப் பாதி தணிகிறது. மூக்குப் பக்கம் கண் போகும்போது ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடித் தூரத்து மரத்தைப் பார்ப்பது, மூச்சை மெதுவாக விடுவது, கால்கீழ் மண்ணை அழுத்தி உணர்வது என்று பழக்குகிறார்கள். சிலருக்குப் பாப்பாவைத் தளர்த்தும் சொட்டு மருந்தோ கண்ணாடியோ கொடுக்கிறார்கள். பேச்சு மூலமான மன வைத்தியமும் உண்டு. இங்கிலாந்தில் வலிப்பு மாதிரியான செயல்பாட்டுத் துடிப்பு உள்ள 368 பேரை வைத்து நடத்திய ஆராய்ச்சி 2020-ல் வெளிவந்தது. அந்தப் பேச்சு வைத்தியத்தால் ஒரு வருஷத்தில் துடிப்பின் எண்ணிக்கை நிச்சயமாகக் குறைந்தது என்று காட்ட முடியவில்லை, ஆனால் அன்றாட வாழ்க்கையை நடத்தும் சக்தி கூடியது. மந்திரம் போட்ட மாதிரி எல்லாம் நின்றுவிடும் என்று உங்களை நான் ஏமாற்ற மாட்டேன்.

மனநல டாக்டரைப் பார் என்று கடிதம் கொடுத்தால் நம்மவர்கள் முகம் சுருங்கிவிடுகிறது. "என்ன ஐயா, தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்புறீங்களா?" இந்தப் பேராக் மாநிலத்தில் அந்த ஊர்ப் பெயரே வசைச்சொல்லாகிவிட்டது. 1911-ல் ஆரம்பித்த அந்த ஆஸ்பத்திரிக்கு இன்று பஹாகியா என்று பெயர், மலாயில் மகிழ்ச்சி என்று அர்த்தம். அங்கே போகிறவர் எல்லாம் பைத்தியமும் இல்லை, போனவர் திரும்பாமலும் இல்லை. மேலும் பெரும்பாலானவருக்கு அங்கே படுக்க வேண்டிய அவசியமே வராது, பொது ஆஸ்பத்திரியில் மாதம் ஒரு நாள் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வருவதுதான். குடிமக்களுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் நிபுணரைப் பார்க்க 5 வெள்ளிதான் கட்டணம். பூசாரிக்குக் கொடுத்தது அதைவிட எத்தனை மடங்கு என்று அந்தக் குடும்பத்தாரே பிறகு கணக்குப் பார்த்தார்கள்.

வேலை விஷயம் ஒன்று. கண் இழுத்துக் கொள்ளும் நாளில் சபிட் பிடிப்பதும் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதும் கூடாது. எவ்வளவு நாள் என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். அந்தச் சீட்டு இருந்தால் இலகுவான வேலை கேட்கவும் சங்கத்தின் தோட்டக் கமிட்டி உங்களுக்காகப் பேசவும் வசதியாக இருக்கும்.

கடைசியாக மாத்திரை. கண் இழுப்பு செயல்பாட்டுக் கோளாறு என்று டாக்டர் சொல்லிவிட்டாலும், ஏற்கெனவே உள்ள வலிப்புக்கான மாத்திரையை டாக்டர் சொல்லாமல் ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். கர்ப்பமாக இருப்பவரும், பிள்ளை பெற நினைப்பவரும் வல்ப்ரோயேட் மாத்திரை சாப்பிட்டு வந்தால் சீக்கிரம் டாக்டரிடம் பேசுங்கள், அது வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கக் கூடியது. அதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

அந்தப் பெண் இப்போது தாமானில் இருக்கிறாள். வருஷத்தில் இரண்டொரு தடவை கண் மூக்குப் பக்கம் போகிறதாம். உள்ளங்கையால் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு வாசல் மாமரத்தைப் பார்த்தபடி நிற்பாளாம், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் "அக்கா ஒளிஞ்சு விளையாடுறாங்க" என்று சிரிக்குமாம். காக்காய் வலிப்பு திரும்பவும் வரவில்லை. மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே கிளினிக்குக்குப் போய்விடுகிறாள். மழைக்காலம் நெருங்குவதால் அடுத்த இதழில் எலிக் காய்ச்சல் பற்றி எழுதுகிறேன்.